விலையும் கூடாது, நட்டமும் கூடாது!

ஒரே மாலைப்பொழுதில், ஒரே கூரையின் கீழ், இரண்டு பேச்சுக்களைக் கேட்டோம். ஒன்று எமக்குச் சினத்தை மூட்டியது. மற்றது எம்மை வெட்கித் தலைகுனிய வைத்தது.

வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில் இரத்ததானம் முடிந்து, கொடுத்தவர்கள் சோடாவும் பிஸ்கற்றுமாக அமர்ந்திருந்த நேரம். ஒழுங்குசெய்தவர்கள் என்ற முறையில் நாம் எழுந்து, குருதிப் புற்றுநோயாலும் தலசீமியாவாலும் வாடுவோருக்குப் பிறருடைய குருதியிலிருந்து மூலக்கலங்களை இயந்திரத்தாற் பிரித்தெடுத்து ஏற்றும் முறைபற்றிச் சில வார்த்தை கூறினோம். கூறி அமருமுன்னரே, கணக்காளராகப் பெரும்பதவி வகிக்கும் நண்பர் ஒருவர் எழுந்தார். “இதற்கு ஏன் இத்தனை உபதேசம்? ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபா என்று அறிவியுங்கள், நாளைக்கே வரிசையில் வந்து நிற்பார்கள்” என்றார். அவையிற் பாதி தலையசைத்தது.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டார்: “தம்பி, ஊசி அஞ்சு நாள், பிறகு மெசினில ஒரு நாள் எண்டு சொல்லுறியள். எனக்குக் காசு ஒண்டும் வேண்டாம். ஆனா அந்த ஆறு நாளும் என்ர வெங்காயத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?”

அவையில் எவரும் மறுமொழி கூறவில்லை. எம்மாலும் கூற இயலவில்லை. கணக்காளருக்கு மறுப்பும் கமக்காரருக்கு மறுமொழியும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அக்கடனை இன்று தீர்க்கின்றோம்.

இயந்திரம் செய்யும் வேலை

முதலிற் பொருளைத் தெளிவாக்குவோம். பொருள் விளங்காமற் புரியும் வாதம் வாதமன்று, வெறும் கூச்சல்.

எமது என்புகளின் உள்ளே மச்சை இருக்கின்றது. செங்குருதிக் கலங்கள், வெண்குருதிக் கலங்கள், குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் யாவும் அங்கேதான் பிறக்கின்றன. இவற்றையெல்லாம் பிறப்பிக்கும் கலத்தையே வைத்தியர் மூலக்கலம் என்பர். கமக்காரர் மொழியிற் சொன்னால் அது குருதியின் விதைநெல். விதை கெட்டால் வயல் முழுவதும் கெடும். குருதிப் புற்றுநோயில் நிகழ்வது ஏறக்குறைய அதுவே. கெட்ட பயிரை அழித்து, வேறொருவருடைய நல்விதையை வாங்கி விதைப்பதே மூலக்கல மாற்றுச் சிகிச்சை. இத்துறையில் 1950 களிலிருந்து உழைத்த அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார்.

முன்னாளிற் கொடையாளியை மயக்கி, இடுப்பென்பினுள் ஊசி செலுத்தி, மச்சையை நேரே உறிஞ்சி எடுத்தனர். சிலருக்காக இன்றும் அவ்வாறு எடுப்பதுண்டு. ஆயினும் இக்காலத்தில் வளர்ந்தோர் கொடுக்கும் கொடையிற் பெரும்பகுதி இயந்திரவழியே நடைபெறுகின்றது. நான்கைந்து நாட்கள் தினமும் தோலின் கீழ் ஓர் ஊசி. அம்மருந்து மச்சையிலுள்ள மூலக்கலங்களைக் குருதியோட்டத்தினுள் இறங்கச் செய்யும். பின்னர் கொடையாளி கதிரையிற் சாய்ந்திருப்பார். ஒரு கையிலிருந்து வரும் குருதி இயந்திரத்தினுட் சென்று சுழலும். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தின் தத்துவமே இங்கும். எடை வேறுபாட்டினாற் படை படையாகப் பிரியும் குருதியில், மூலக்கலங்கள் அடங்கிய மெல்லிய படைமட்டும் ஒரு பையிற் சேர, எஞ்சியவை யாவும் மற்றக் கைவழியே உடலுக்கு மீளும். நான்கு முதல் ஆறு மணிநேரத்தில் உடலின் முழுக்குருதியும் இரண்டு மூன்று தடவை இவ்வாறு சென்று மீளும். போதாதபோது மறுநாளும் ஒருமுறை இருக்க நேரிடலாம். கொடுத்த கலங்களை உடல் சில வாரங்களுள் மீள ஆக்கிக்கொள்ளும்.

இதில் நோவே இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஊசி போடும் நாட்களில் என்பு வலிக்கும், தலை இடிக்கும், களைப்புத் தோன்றும். குருதி உறையாதிருக்கச் சேர்க்கும் பொருள் உடலின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல்நுனியும் விறுவிறுக்கும். அதற்குக் கல்சியம் கொடுப்பர். மண்ணீரலுக்கு ஊறு நேர்வது மிக அரிதாக உண்டு. ஆதலாலேதான் கொடையாளியை முன்கூட்டியே நன்கு பரிசோதிப்பர். இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் ஆண்டுதோறும் பல்லாயிரவர் முன்பின் அறியாத ஒருவருக்காகக் கையை நீட்டுகின்றனர்.

இந்த இயந்திரம் பிறந்த கதையையும் கணக்காள நண்பர் கேட்கவேண்டும். 1962 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியின் பொறியியலாளர் ஜோர்ஜ் ஜட்சன் என்பாருடைய பதினேழு வயது மகனைக் குருதிப் புற்றுநோய் பற்றியது. மகனுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் வைத்தியர்கள் குருதிக் கலங்களைப் பிரிக்கப் படும் பாட்டைத் தந்தை கண்டார். வைத்தியர் எமில் பிரைரைக் என்பாருடன் சேர்ந்துழைத்தார். 1965 ஆம் ஆண்டளவில், இடைவிடாது ஓடும் குருதியிலிருந்து கலங்களைப் பிரிக்கும் இயந்திரம் உருவாயிற்று. இன்று நாம் காணும் இயந்திரங்களுக்கு முன்னோடி அதுவே. சந்தையின் பேராசையிலன்று, ஒரு தந்தையின் தவிப்பிலேயே அது கருக்கொண்டது.

வழி மாறினாற் பொருள் மாறுமா?

“காசு கொடுத்தால் என்ன?” என்ற கேள்வி வாசிகசாலையிற் பிறந்ததன்று. அது ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றம்வரை சென்று வந்த கேள்வி.

1984 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டசபை உடலுறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. சிறுநீரகம், ஈரல், இருதயம் முதலியவற்றோடு என்பு மச்சையையும் பெயர்சொல்லிக் குறித்து, அவற்றையோ அவற்றின் பகுதிகளையோ விலைக்கு வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஐந்தாண்டு வரையிற் சிறையும் ஐம்பதினாயிரம் டொலர் வரையிற் குற்றப்பணமும் விதித்தது. பிற்காலத்தில் ஓர் அமைப்பு, மூலக்கலம் கொடுப்போருக்கு மூவாயிரம் டொலர் பெறுமதியான கல்விநிதியோ வீட்டுச்செலவு உதவியோ தருமக்கொடையோ வழங்கத் திட்டமிட்டது. அது குற்றமாகுமோ என்று அஞ்சி வழக்குத் தொடுத்தனர். வழக்காளிகளுள் முதல்வர், கொடிய குருதிநோயோடு பிறந்த மூன்று பெண்மக்களின் தாய். அத்தாயை இகழ ஒரு சொல்லும் எம்மிடமில்லை. அவர் நிலையில் நாமிருந்தால் வீட்டையும் வளவையும் விற்றேனும் கொடையாளியைத் தேடியிருப்போம்.

2011 டிசெம்பர் 1 ஆம் திகதி ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் கிளைன்ஃபெல்ட் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: மச்சையை விற்பதைத் தடுக்கச் சட்டசபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இயந்திரம் எடுப்பது மச்சையையன்று, குருதியை. மூலக்கலம் மச்சையிற் பிறப்பதால் அதுவும் மச்சையின் பகுதியே என்று அரசாங்கம் வாதித்தது. அங்ஙனமாயிற் செங்குருதிக் கலமும் மச்சையிலேதான் பிறக்கின்றது. குருதி விற்பதும் குற்றமாகிவிடும் அன்றோ என்று நீதிமன்றம் மடக்கியது. 2013 இல் அரசாங்கம் புதிய விதியொன்றால் இதனைத் தடைக்குள் அடக்க முனைந்தது. 2017 இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

சட்டத்தின் சொற்களுக்குப் பொருள்கொண்ட அளவில் அத்தீர்ப்பிற் குறைகாண்பது எளிதன்று. குறை தீர்ப்பிலன்று, சட்டத்தில். 1984 இற் சட்டமெழுதியோர் கண்ட வழி இடுப்பென்புவழி மட்டுமே. பின்னர் இயந்திரம் கைநாளத்தின்வழியே புதியதொரு பாதையைத் திறந்தது. விளைவு யாது? ஒரே மனிதன், ஒரே மூலக்கலம், ஒரே நோயாளி. இடுப்புவழியே எடுத்து விற்றாற் சிறை, கைவழியே எடுத்து விற்றாற் சுதந்திரம்! வாசல்வழி கொண்டுபோனாலென்ன, கோடிவழி கொண்டுபோனாலென்ன, கொண்டுபோன பொருள் ஒன்றே அன்றோ?

இதனை வேற்றுநாட்டு வம்பு என்று ஒதுக்கவேண்டாம். அயல்நாடாகிய இந்தியாவின் 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 2011 இல் திருத்தப்பட்டபோது இழையங்களும் அதனுள் அடக்கப்பட்டன. ஆனால் இழையத்துக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்தில் ‘குருதி நீங்கலாக’ என்ற சொற்கள் உள்ளன. அமெரிக்காவில் எழுந்த வினா அங்கும் எழ இடமுண்டு. இலங்கையில் மனித இழைய மாற்றத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 1987 இல். அந்நாளிற் பிறருக்காக இவ்வாறு இயந்திரத்தாற் மூலக்கலம் எடுக்கும் முறை வழக்குக்கு வந்திருக்கவில்லை. சட்டம் நடக்கும், விஞ்ஞானம் ஓடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் தரகன் கடை விரிக்கின்றான்.

கமக்காரர் குருதியை விற்ற கதை

“மூவாயிரம் டொலர் கல்விநிதி எங்கே, தரகன் எங்கே?” என்று நண்பர் கேட்பார். விலை என்ற ஒன்று நுழைந்தபின் குருதிப் பிரிப்பு எங்கே போய் முடிந்தது என்பதற்குச் சரித்திரமே சான்று.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், 1990 களின் முற்பகுதியில், பிளாஸ்மா எனப்படும் குருதிநீரை விலைக்கு வாங்கும் நிலையங்கள் கிராமந்தோறும் தோன்றின. விற்றவர்கள் யார்? நிலத்தில் வருவாய் போதாத ஏழைக் கமக்காரர். குருதியை இயந்திரத்திற் சுழற்றிக் குருதிநீரை எடுத்துக்கொண்டு செங்கலங்களைத் திருப்பி ஏற்றினர். ஏன் திருப்பி ஏற்றினர்? விற்றவன் சோகைபிடித்து விழாமல் விரைவில் மீண்டும் வந்து விற்பதற்காக! செலவைக் குறைப்பதற்காக ஒரே இனக் குருதியுடைய பலருடைய செங்கலங்களை ஒன்றாகக் கலந்து, அக்கலவையையே அனைவருக்கும் திருப்பி ஏற்றினர். ஒருவனுடைய எச்.ஐ.வி. கிருமி ஊருக்கெல்லாம் பரவிற்று. பல்லாயிரக்கணக்கான கமக்காரர் நோயுற்றனர். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் ஊர்தோறும் நின்றனர். உண்மையை வெளிப்படுத்திய வைத்தியர்களான வாங் ஷுபிங்கும் காவ் யாவ்ஜீயும் துன்புறுத்தப்பட்டு, முடிவில் இருவரும் அமெரிக்காவிலேயே வாழ்ந்து மறைந்தனர்.

இன்றைய மூலக்கலப் பிரிப்பில் அந்த ஆபத்து இல்லை. ஒருவருக்குப் பாவிக்கும் குழாயும் பையும் அவருக்கு மட்டுமே. அவருடைய குருதி அவருக்கே மீளும். ஆனால் நாம் காட்ட விழைவது குழாயையன்று, கணக்கை. எடுக்கவேண்டியதை எடுத்து எஞ்சியதைத் திருப்பித் தரும் இயந்திரம் கொடையாளிக்குக் கருணை. அதே இயந்திரம் வியாபாரியின் கைப்பட்டால், மாட்டை நாள்தோறும் கறப்பதுபோல் மனிதனைக் கறக்கும் வசதி. அமெரிக்காவில் குருதிநீர் இன்றும் விலைக்கு வாங்கப்படுகின்றது. ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை விற்க விதி இடமளிக்கின்றது. அங்கு சென்று வரிசையில் நிற்பவர் கணக்காளரோ சட்டத்தரணியோ அல்லர். வீட்டு வாடகைக்கு வழியற்றவர்.

காசுக்கு வருபவனிடம் இன்னுமொரு கேடு உண்டு. அவன் தன் நோயை மறைப்பான். உண்மை சொன்னாற் கூலி போய்விடும். இந்திய உயர்நீதிமன்றம் 1996 இல் வழங்கிய கட்டளையின்படி, 1998 ஜனவரி 1 முதல் கூலிக்குக் குருதி கொடுக்கும் தொழில் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டமை இதனாலேயே. எமது தீவிலும் 2014 முதல் குருதி வங்கிகள், விலையின்றி விருப்பத்தோடு கொடுக்கப்படும் குருதியை மட்டுமே கொண்டு இயங்குகின்றன. வாசிகசாலையில் அன்று கை நீட்டிய எவரும் ஒரு சதம் கேட்கவில்லை. கணக்காள நண்பரும் கேட்கவில்லை! தமக்கு இல்லாத பேராசையை மற்றவரிடம் எவ்வாறு கண்டார்?

உலகில் ஒருவனே உரியவன்

மூலக்கலத்துக்கு விலை வைப்பதில், குருதிக்கு விலை வைப்பதிலும் பெரியதோர் ஆபத்து உண்டு. குருதி ஒருவரிடம் கிடையாவிடின் அடுத்தவரிடம் கிடைக்கும். மூலக்கலத்துக்கோ எச்.எல்.ஏ. எனப்படும் இழைய அடையாளங்கள் பொருந்தவேண்டும். உடன்பிறந்த ஒருவருக்குப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்று. வெளியாரிடம் தேடினால், இலட்சக்கணக்கானோருள் ஒருவர் மட்டுமே பொருந்துவதும் உண்டு. அந்த ஒருவர் விலை பேசத் தொடங்கினால் எதிர்விலை கூற எவருமில்லை. போட்டியற்ற விற்பனையாளனிடம், உயிருக்கு மன்றாடும் ஒருவர் பேரம் பேசுவதற்குப் பெயர் சந்தையா?

மேலும் கேளுங்கள். கொடை வந்துசேருமுன்னரே நோயாளியின் சொந்த மச்சை மருந்தாலோ கதிராலோ அழிக்கப்படும். அதன்பின் புதிய மூலக்கலம் வராவிட்டால் அவர் பிழைப்பதரிது. அந்த நாளில், “பேசிய தொகை போதாது” என்று ஒருவன் சொன்னால் என் செய்வது? ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறுவதா? ஒருவனைப் பிடித்திருத்தி அவன் கையில் ஊசியேற்றுமாறு எந்த நீதிபதியும் கட்டளையிடார். 1978 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மக்ஃபோல் என்பவர், மச்சை பொருந்தியும் கொடுக்க மறுத்த தம் மைத்துனன் ஷிம்ப்மீது வழக்குத் தொடுத்தார். மறுப்பு அறத்துக்கு ஒவ்வாதது என்று கண்டித்த நீதிபதி, ஆயினும் அவனைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை எனத் தீர்த்தார். வழக்காளி சிறிது காலத்துள் இறந்தார். இறந்தவருக்கு நட்டஈடு எதற்கு?

விருப்பத்தோடு வருபவரும் கடைசி நேரத்திற் பின்வாங்கலாமன்றோ என்பீர்கள். வாங்கலாம்; ஆனால் பின்வாங்குவதால் அவருக்கு ஆதாயமில்லை. விலை பேசுபவனுக்கோ, “பின்வாங்குவேன்” என்ற மிரட்டலே மூலதனம். இன்று எல்லோருக்கும் ஒரே தொகை என்று தொடங்குவர். நாளை அரிய இழையத்துக்கு அரிய விலை என்பர். விலை என்பது ஓரிடத்தில் நிற்கும் பிராணியன்று.

ஆளில்லை என்பது யார் குற்றம்?

“உபதேசத்தால் ஆள் வராது” என்பதே நண்பருடைய அடித்தளம். அந்த அடித்தளம் மணலிற் கட்டியது. ஜேர்மனியின் ஜனத்தொகை ஏறக்குறைய எட்டரைக் கோடி. அங்கே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மூலக்கலக் கொடையாளிகளாகப் பதிந்துள்ளனர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவில். ஒருவருக்கும் விலை கொடுக்கப்படவில்லை. உலகெங்கும் பதிந்தோர் நான்கு கோடிக்கு மேல். விலையற்ற இப்பேரேடு, 1974 இல் லண்டனில் ஒரு தாய் தன் மகனுக்காகத் தொடங்கிய அந்தோனி நோலன் பதிவகத்திலிருந்து வளர்ந்தது.

ஆனால் அந்த நான்கு கோடியில் நாம் எத்தனை பேர்? இழைய அடையாளம் பரம்பரைவழி வருவது. ஆகவே தமிழ் நோயாளிக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் தமிழரிடையேயும் இத்தீவினதும் தென்னிந்தியாவினதும் அயல்மக்களிடையேயுமே இருப்பர். அமெரிக்கப் பதிவகத்தை ஆராய்ந்து 2014 இல் வெளியான கணக்கின்படி, ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருக்கு முற்றும் பொருந்துபவர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 75. தென்னாசிய வழியினருக்கு மூன்றில் ஒன்றை ஒட்டியதே. ஆபிரிக்க அமெரிக்கருக்கு நூற்றுக்கு 19. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் இந்தியாவில், சென்னையில் 2009 இல் தொடங்கிய தாத்ரி என்னும் பெரிய பதிவகத்திற் சேர்ந்தோர் சில இலட்சம் மட்டுமே.

மேடைதோறும், “நாம் ஒரே குருதி” என்று முழங்குகின்றோம். நாமும் முழங்கியிருக்கின்றோம், மறைக்கவில்லை. ஆனால் அக்குருதியைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தடவினாற் போதும் என்றபோது எத்தனை பேர் வாய் திறந்தோம்? வாழ்க என்று கோஷமிடத் திறந்த வாய், பஞ்சுக்குச்சிக்குத் திறக்க மறுப்பதேன்? ரொறன்ரோவிலும் லண்டனிலும் எம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். கனடாவின் பதிவகம் 17 முதல் 35 வயதினரையும், பிரித்தானியாவின் அந்தோனி நோலன் பதிவகம் 16 முதல் 30 வயதினரையும் ஏற்கின்றன. அங்கேயுள்ள எம் பிள்ளைகள் பதிந்தால், உலகின் எந்த வைத்தியசாலையிலிருந்தும் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதனையும் கேட்கட்டும்.

கமக்காரருக்கு மறுமொழி

இனி வெங்காயத் தோட்டக்காரருக்கு வருவோம். “காசு வேண்டாம்” என்று சொல்லியே அவர் தொடங்கினார் என்பதை மறவாதீர்கள். அவர் கேட்டது விலையன்று, நட்டமின்மை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது சட்டத்தின் அரிச்சுவடி. விலை, இல்லாததைத் தருவது. நட்டஈடு, இழந்ததை மட்டும் நிரப்புவது. விற்பனையைத் தடுத்த அதே 1984 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், கொடையாளியின் பிரயாணச் செலவு, தங்கற் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றைக் கொடுப்பது விலையாகாது என்று தெளிவாக விலக்களித்துள்ளது. அந்நாட்டு மத்திய அரசாங்க ஊழியர் மச்சை கொடுக்க ஆண்டுக்கு ஏழு நாட்கள் சம்பளத்தோடு லீவு பெறுகின்றனர். இத்தாலியின் 2001 ஆம் ஆண்டுச் சட்டமும் மச்சைக் கொடையாளிக்குச் சம்பளத்தோடு லீவு வழங்குகின்றது.

ஆனால் லீவு என்பது சம்பளக்காரனுக்கு உரிய பாஷை. வெங்காயத்துக்கு யார் லீவு கொடுப்பது? வயலுக்கும் கறவைப்பசுவுக்கும் வாடைக்கும் சோளகத்துக்கும் லீவு உண்டா? உத்தியோகத்தர் இழப்பது ஒரு வாரம். கமக்காரர் அந்த வாரத்தை இழந்தால் ஒரு போகத்தையே இழக்கலாம். அவரை நோக்கித் தியாகம் செய் என்று மேடையிலிருந்து கூறுவது எளிது. தியாகத்தின் செலவு முழுவதையும் ஏழையின் தலையிற் கட்டிவிட்டு, அவன் வராதபோது, “இவர்களுக்குக் காசு காட்டினாற்றான் வருவார்கள்” என்பது அநியாயத்தின்மேல் அநியாயம்.

ஆகவே நாம் கோருவன இவை:

முதலாவது, மூலக்கலம் இடுப்புவழி எடுக்கப்பட்டாலும் கைவழி எடுக்கப்பட்டாலும் அதனை விலைக்கு வாங்குவதும் விற்பதும் தரகு பேசுவதும் குற்றமென்று, ஐயத்துக்கு இடமின்றிச் சட்டத்தில் எழுதப்படவேண்டும். எடுக்கும் வழியைக் குறியாது, எடுக்கும் பொருளைக் குறித்து எழுதவேண்டும். நாளை மூன்றாவது வழி தோன்றினாலும் சட்டம் பழுதாகாது.

இரண்டாவது, கொடையாளி, வெளியாராயினும் உடன்பிறப்பாயினும், பரிசோதனை முதல் தேறும்வரை சம்பளத்தோடு லீவு பெறவேண்டும். நாட்கூலியாளருக்கும் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும், இழந்த உழைப்புக்கும் அமர்த்திய ஆளின் கூலிக்கும் ஈடான தொகையைப் பொதுப்பணத்திலிருந்து அரசாங்கம் வழங்கவேண்டும். நோயாளியின் குடும்பம் கொடுத்தலாகாது. கொடுத்தால் நட்டஈடு என்ற போர்வையில் விலை புகுந்துவிடும்.

மூன்றாவது, கொடையால் ஊறு நேரின் அதற்குரிய சிகிச்சையும் ஈடும் கொடையாளிக்கு உரிமையாக வேண்டும்; தயவாகவன்று.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டியிருப்பதா? கல்விமான்களே, உங்களுட் சட்டமெழுத அறிந்தோர் உளர். கந்தோரில் லீவுப் பத்திரத்தில் ஒப்பமிடும் அதிகாரிகள் உளர். பொய்ப்பயத்தைப் போக்கவல்ல வைத்தியர் உளர். ஒவ்வொருவரும் தத்தம் கையிலுள்ளதைச் செய்யுங்கள். கமக்காரப் பெருமக்களே, ஒருவர் தோட்டத்தில் மற்றவர் முறைவைத்து இறங்கி வேலைசெய்த வழக்கம் எம் கிராமங்களுக்குப் புதிதன்று. ஊர்ச் சனசமூக நிலையமும் கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றட்டும்: இவ்வூரில் எவரேனும் மற்றவர் உயிருக்காக இயந்திரத்தின் முன் அமர்வாராயின், அவர் திரும்பும்வரை அவருடைய பயிர் வாடாது, மாடு பசியாது.

இத்தீவு பிறருக்குக் கொடுத்துப் பழகியது. வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 இற் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது முதல், இந்நாட்டு மக்களின் கண்கள் விலையின்றி உலகின் பல நாடுகளுக்குப் பார்வை கொடுத்து வருகின்றன. இறந்தபின் கண்ணைக் கொடுக்கத் துணிந்த நாடு, இருக்கும்போது சில மணிநேரத்தைக் கொடுக்கத் தயங்குமா?

அன்றைய மாலை கேட்கப்பட்ட வினா இன்னும் எம் காதில் ஒலிக்கின்றது. வெங்காயத்துக்கு ஆர் தண்ணீர் இறைப்பது? அடுத்த இரத்ததானத்துக்கு அதே வாசிகசாலைக்கு நாம் செல்லுமுன், அவ்வூர்ச் சனசமூக நிலையத்தின் தீர்மானப் புத்தகத்தில் மறுமொழி எழுதப்பட்டிருக்கவேண்டும். இறைப்பு முறையில் முதற் பெயராக எமது பெயரை எழுதுங்கள். இரண்டாம் பெயராகக் கணக்காள நண்பரின் பெயரை நாம் கேட்டு வாங்கித் தருவோம்.